கிழக்குக் கடற்கரையின் கேளிக்கைப் பூங்காக்கள்: நுழைவுச்சீட்டின் விலையும் பெறுமதியும்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையும், அதன் மேற்கே உள்ள திருப்போரூர் வட்டாரமும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கும். தமிழ்நாட்டில் கேளிக்கைப் பூங்காக்கள் முதலில் வேர்விட்ட பகுதிகளுள் இதுவும் ஒன்று. 1993இல் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு தொடங்கப்பட்டது. 2025 டிசம்பரில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. இந்த 32 ஆண்டுகளில் நுழைவுச்சீட்டின் விலை பல மடங்கு உயர்ந்துள்ளது. கொடுக்கும் பணத்திற்கு ஏற்ற பொழுது கிடைக்கிறதா என்பது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் குடும்பங்களில் எழும் கேள்வி. அதற்கு விடை காண, விலை எவ்வாறு உருவானது என்பதையும் அதை எதைக்கொண்டு அளப்பது என்பதையும் அறிய வேண்டும்.

பூங்காக்களுக்கு முன்

மாமல்லபுரம் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளின் பல்லவர் கலைக்குப் பெயர்பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து அங்கு வந்தவர்கள் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்தனர். பயணத்திற்குச் செலவு இருந்தது. பார்ப்பதற்குச் சீட்டு இல்லை. 1984இல் யுனெஸ்கோ இவ்வூரின் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கடற்கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய இடங்கள் தோன்றின. 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும், 1984இல் முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லமும் அமைந்தன. 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. 1996இல் முட்டுக்காட்டில் தென்னிந்திய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தட்சிணசித்ரா வந்தது. இவை எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு. ஆனால் விலங்கையோ வீட்டையோ நீரையோ காட்டுவதுதான் இவற்றின் நோக்கம். இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றுவது அன்று.

காசுக்கு ஒரு சுற்று

இயந்திர விளையாட்டு இம்மக்களுக்குப் புதிதன்று. கோயில் திருவிழாவில் குடைராட்டினமும் தொட்டில் ராட்டினமும் நெடுங்காலமாகச் சுற்றி வந்தன. சென்னைத் தீவுத்திடலில் ஆண்டுதோறும் நடக்கும் பொருட்காட்சியிலும் அவை உண்டு. அங்கெல்லாம் முறை ஒன்றுதான்: ஏறுபவர் மட்டும் காசு கொடுப்பார், ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாகக் கொடுப்பார். ஒரு குழந்தையை ஏற்றிவிட்டு, பாட்டியும் அம்மாவும் செலவின்றிக் கீழே நின்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் 1955 ஜூலையில் திறந்த டிஸ்னிலாந்தும் இம்முறையில்தான் தொடங்கியது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர்; சவாரிகளுக்குத் தனிக் கட்டணம். சவாரிகளைத் தரம் பிரித்த சீட்டுப் புத்தகங்கள் பிறகு வந்தன. 1982இல்தான் அவை கைவிடப்பட்டு, உள்ளே நுழைந்தால் எதிலும் ஏறலாம் என்ற ஒற்றைச் சீட்டு முழுமையாக நிலைபெற்றது.

சென்னைப் பகுதியில் இம்மாற்றம் 1990களில் வந்தது. அதற்கு முன் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. நிறுவனத்தின் தங்கக் கடற்கரை புகழ்பெற்றிருந்தது. அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயல்வதே பலருக்கு அங்கு முதல் வேடிக்கை. 1993இல் டிஸ்ஸி வேர்ல்டு வந்தது. 1995இல் தாம்பரத்திற்கு மேற்கே, இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். இவற்றோடு ஒற்றைச் சீட்டு முறை இப்பகுதி மக்களுக்குப் பழக்கமானது.

ஒற்றைச் சீட்டில் ஓர் ஆதாயமும் ஓர் இழப்பும் உண்டு. பத்து முறை ஏறுபவருக்கு ஒவ்வொரு சவாரியும் மலிவாகிறது. ஏறாமல் நிற்பவரும் ஏறுபவருக்கு இணையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய ராட்டினத்தின் விலையையும் இன்றைய நுழைவுச்சீட்டின் விலையையும் நேரடியாக ஒப்பிட முடியாது. விற்கப்படும் பொருளே மாறிவிட்டது.

விலையை உயர்த்திய காரணங்கள்

முதற் காரணம், பூங்காவின் செலவு அமைப்பு. பெரிய சவாரிகளை வாங்க ஒரே முறையில் பெருந்தொகை வேண்டும். இள்ளலூர்ப் பூங்கா சுமார் 64 ஏக்கரில் ரூ.611 கோடி முதலீட்டில் அமைந்தது. மின்சாரம், நீர்ச் சுத்திகரிப்பு, உயிர்காப்பாளர்கள், அன்றாடச் சோதனை ஆகியவற்றின் செலவு, ஐந்நூறு பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. கூட்டமோ வார இறுதியிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் குவிகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர்விளையாட்டுகள் வெறிச்சோடுகின்றன. சில மாதங்களின் வருவாய் ஆண்டு முழுவதன் செலவையும் தாங்க வேண்டும்.

இரண்டாவது, சாலையும் நிலமும். மேம்படுத்தப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2002 முதல் சுங்கம் வசூலிக்கப்படுகிறது. சாலை நன்றானதும் பயண நேரம் குறைந்தது. கூடவே நிலத்தின் விலையும் ஏறியது. புதிய பூங்கா கடலை விட்டு உள்ளே தள்ளி, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் அமைந்ததை இந்தப் பின்னணியில் பார்க்கலாம்.

மூன்றாவது, வரி. 2015 ஜூன் வரை கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு மத்திய அரசின் சேவை வரி கிடையாது. அந்த மாதம் முதல் 14 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது 28 விழுக்காடானது. 2018 ஜனவரியில் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மாநிலங்களின் கேளிக்கை வரி புதிய வரிக்குள் அடங்கியபோதும், உள்ளாட்சி அமைப்புகள் விதிக்கும் கேளிக்கை வரிக்கு அரசியலமைப்பு இடம் விட்டது. அதன்படி 2017இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. பூங்காக்களுக்கு 10 விழுக்காடு உள்ளாட்சி வரி என்பது இள்ளலூர்த் திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு முக்கியக் காரணம். பத்து ஆண்டுகளுக்கு விலக்கு அளிப்பதென அரசு முடிவெடுத்த பின்னரே கட்டுமானம் விரைவுபெற்றது. உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் ஆகியவற்றின் நுழைவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. ஒரே கடற்கரையில் உள்ள இரு வகை இடங்களின் விலை இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம்.

கூலியால் அளந்தால்

விலைவாசி எல்லாம் ஏறும்போது பூங்காவின் விலை மட்டும் ஏறாமல் இருக்க முடியாது. ஆகவே ரூபாயால் அளப்பதைவிட, ஒரு நாள் கூலியால் அளப்பது பொருத்தமானது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி 2016-17இல் ரூ.203, 2018-19இல் ரூ.224, 2025-26இல் ரூ.336.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்களுக்கான கட்டணம் இந்தியர்களுக்கு ரூ.10 ஆக இருந்து, 2016இல் ரூ.30, 2018இல் ரூ.40 என உயர்ந்தது. 2018இல் அது அன்றைய கூலியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதே ரூ.40, 2025-26இன் கூலியில் எட்டில் ஒரு பங்கு. விலையை மாற்றாமல் வைத்திருந்ததால் அச்சீட்டு மெல்ல மலிவாகியிருக்கிறது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை.

அரசு இடங்கள் எல்லாமே இப்படியில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் பெரியவர்களுக்கு ரூ.115 ஆக இருந்த கட்டணம் 2023இல் ரூ.200 ஆக உயர்ந்தது. அது அந்த ஆண்டின் கூலியான ரூ.294இல் மூன்றில் இரண்டு பங்கு.

இள்ளலூர்ப் பூங்கா திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கான தொடக்கக் கட்டணம் ரூ.1,489. அதில் சுமார் ரூ.227 வரி. அச்சீட்டு ஏறத்தாழ நான்கரை நாள் கூலிக்குச் சமம். தாயும் தந்தையும் மட்டும் உள்ளே செல்லவே ஒன்பது நாள் கூலி வேண்டும். குழந்தைகளின் சீட்டும் பயணமும் அதற்கு மேல். மாதச் சம்பளம் பெறும் மென்பொருள் ஊழியருக்கு அதே தொகை ஒரு மாலைத் திரைப்படத்தோடும் உணவோடும் ஒப்பிடத்தக்கது. விலை ஒன்றுதான், சுமை ஒன்றல்ல.

இப்போக்கு உலகெங்கும் உள்ளது. 1955இன் அமெரிக்கக் கூட்டரசுக் குறைந்தபட்ச ஊதியப்படி, டிஸ்னிலாந்தின் ஒரு டாலர் நுழைவுக்கு ஒரு மணி 20 நிமிட உழைப்பு போதும். சவாரிக் காசு தனி. 2024 அக்டோபரில் நெரிசல் நாட்களுக்கான ஒரு நாள் சீட்டு 206 டாலரைத் தொட்டது. மணிக்கு 16 டாலர் என்ற அந்த ஆண்டின் கலிபோர்னியக் குறைந்தபட்ச ஊதியப்படி அது ஏறத்தாழ 13 மணி நேர உழைப்பு.

சீட்டில் அச்சிடாத செலவு

ஒரு நாள் பயணத்தின் செலவு நுழைவுச்சீட்டோடு முடிவதில்லை. வாகன நிறுத்தம், பொருள் வைக்கும் லாக்கர், நீராடும் உடை, வரிசையைத் தாண்ட விரைவுச் சீட்டு என ஒவ்வொன்றும் சேரும். வெளி உணவை அனுமதிக்காத பூங்காக்களில் உணவும் உள்ளே விற்கும் விலைக்கே. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போன தலைமுறைக்கு இதுவே பெரிய மாற்றம்.

நேரமும் ஒரு செலவுதான். நெரிசல் நாளில் ஒரு சவாரிக்கு நெடுநேரம் வரிசையில் நின்றால், ஒரு நாளில் ஏறும் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொரு சவாரியின் அடக்க விலையும் உயரும். பள்ளி நாளில், வார நடுவில் செல்பவர் அதே சீட்டில் இருமடங்கு பெறக்கூடும். உயர வரம்பால் சிறு குழந்தைகளும், உடல்நலக் காரணத்தால் முதியவர்களும் பெரிய சவாரிகளில் ஏற முடியாது. ஆகவே காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் கல்லூரி மாணவர் குழுவுக்கு நல்ல பெறுமதியாக இருக்கும் சீட்டு, கைக்குழந்தையும் பாட்டியும் உள்ள குடும்பத்திற்கு அப்படி இருப்பதில்லை. எளிய வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்பூங்காக்களைக் காண்பது சலுகைக் கட்டணத்தில் செல்லும் பள்ளிச் சுற்றுலாவில்தான்.

பராமரிப்பும் விலையின் ஒரு பகுதி. 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் சவாரி பழுதாகி உயரத்தில் நின்றது. 30க்கும் மேற்பட்டோர் சில மணி நேரம் அங்கேயே சிக்கினர். தீயணைப்புத் துறையினர் அனைவரையும் பத்திரமாக இறக்கினர். விலையைக் குறைக்கப் பராமரிப்பைச் சுருக்கினால் நேரக்கூடியது இதுதான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் விலை உயர்வே பாதுகாப்புக்குச் சான்றாகிவிடாது. சோதனைச் சான்றிதழைப் பார்வையாளர் காணும்படி வைத்தால் அப்பணம் எங்கே போகிறது என்பது தெரியும்.

சீட்டில்லாத கடற்கரை

கட்டணப் பூங்காவின் விலை யாரை எவ்வளவு பாதிக்கிறது என்பது, கட்டணமில்லாத இடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்த பின், அதுவரை இலவசமாகப் பார்க்க முடிந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் சீட்டு வந்தது. அருச்சுனன் தபசுச் சிற்பத்தை மட்டும் இன்றும் சாலையில் நின்றே காணலாம். பொது இடங்கள் இப்படி ஒவ்வொன்றாக வேலிக்குள் போனால், பூங்காவுக்குப் போக இயலாத குடும்பத்திற்கு விடுமுறையே இல்லாமல் போகும்.

மாமல்லபுரக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இருளர் பழங்குடியினர் பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு வருகின்றனர். மணலில் சேலையும் துணியும் கட்டிக் குடில் அமைத்துத் தங்கி, தங்கள் தெய்வமான கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் அங்கேயே பேசி முடிக்கின்றனர். குழந்தைகள் அலையில் விளையாடுகின்றனர். கேளிக்கைப் பூங்காக்கள் வருவதற்கு முன்பே நிலைபெற்ற அந்த ஒன்றுகூடலுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. திறந்திருக்கும் கடற்கரை மட்டும் போதும்.