தொண்டும் சட்டமும்: பொட்டுக்கட்டு ஒழிப்பு வரலாற்றில் இருவர் நெறி

1. முன்னுரை

துன்புறுவோரைக் கண்டு இரங்கி உதவுதல் தொண்டு. அத்துன்பத்திற்குக் காரணமான அமைப்பை மாற்ற ஆட்சியை அணுகுதல் அரசியல். இவ்விரண்டும் வெவ்வேறு துறைகள் என்றும், தொண்டு செய்வார் அரசியலைத் தீண்டலாகாது என்றும் எண்ணுவார் பலர். ஆயினும் தொண்டினை ஊன்றிச் செய்வோர் என்றேனும் ஒருநாள் ஆட்சியின் வாயிலில் சென்று நிற்கவே நேர்கின்றது.

இவ்வுண்மையைத் தமிழில் முதற்கண் விரித்துக் காட்டிய நூல் மணிமேகலை எனலாம். காயசண்டிகை வடிவு கொண்டு அமுதசுரபி ஏந்திய மணிமேகலை, புகார் நகரின் சிறைக்கோட்டத்துட் சென்று ஆங்குப் பசியால் வாடினார்க்கு உணவளித்தாள். அதனை அறிந்த சோழ மன்னன் அவளை அழைப்பித்து, யான் செய்யற்பாலது யாது என வினவினான். அவள் தனக்கென ஒன்றும் வேண்டாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு வேண்டினாள். பசி தீர்க்க அவள் கையிலிருந்த பாத்திரம் போதும். சிறைக்கதவு திறக்க அரசனது ஆணை வேண்டும். இவ்வேறுபாட்டினை உணர்ந்தே சாத்தனார் அக்காதையை அமைத்துள்ளார் என்று கொள்ளலாம்.

கணிகையர் குலத்தில் தோன்றி, அக்குலத்தொழிலை மறுத்த பெண் ஒருத்தியை இந்நூல் தலைவியாகக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அம்மரபோடு பிறப்பாலோ வளர்ப்பாலோ தொடர்புடைய மகளிர் இருவர், கோயில்களில் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தனர். ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் (1886–1968). மற்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). முன்னவர் சட்டமன்றத்துள் நின்று பணியாற்றினார். பின்னவர் மக்கள் இயக்கத்தில் நின்று பணியாற்றினார். இவ்விரு நெறிகளின் ஆற்றலையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் வழக்கமும்

பொட்டுக்கட்டு வழக்கத்தை அறிவுரையால் மட்டும் ஒழித்தல் ஏன் இயலாதாயிற்று என்பது முதலில் ஆராய்தற்குரியது. அதற்கு விடை கோயில் நிலங்களில் உள்ளது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, முதலாம் இராசராசன் ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து தஞ்சையிற் குடியமர்த்திய செய்தியைக் கூறுகின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும், ஆண்டிற்கு நூறு கலம் நெல் வருவாயுடைய பங்கும் அளிக்கப்பெற்றன. ஒருவர் இறப்பின் அல்லது வேற்றிடம் செல்லின், அவர்க்கு அடுத்த முறையினர் அப்பணியைச் செய்து அப்பங்கைப் பெறுதற்கும் வகை செய்யப்பட்டது. சோழர் காலத்துத் தளிச்சேரிப் பெண்டிரையும் பிற்காலத்துத் தேவதாசியரையும் முற்றும் ஒருதன்மையர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அவர்தம் நிலை பெரிதும் மாறியது. எனினும், பணிக்கு ஈடாக நிலம், நிலத்தின் பொருட்டுப் பணி என்னும் பிணைப்பின் தொன்மை இக்கல்வெட்டால் இனிது புலனாகும்.

பிற்காலத்தில் இப்பிணைப்பு இனாம் நிலங்களின் வடிவில் நிலவியது. கோயிற்பணி செய்யும் பெண் ஒருத்தி குடும்பத்தில் இருக்கும்வரை நிலம் அக்குடும்பத்தில் நிற்கும். அப்பணிக்கு ஆள் இல்லையேல் நிலமும் கைவிட்டுப் போகும். ஆகவே, தன் மகளைப் பொட்டுக்கட்ட மறுக்கும் தாய், வழக்கத்தை மட்டுமன்றி வாழ்வாதாரத்தையும் துறக்க வேண்டியவள் ஆனாள். இந்நிலையில் சீர்திருத்தச் சொற்பொழிவுகளால் விளையும் பயன் சிறிதே. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆகிய பிரிவுகள் இளஞ்சிறுமியரைப் பரத்தைமைக்கு ஒப்படைத்தலைக் குற்றமாக்கியிருந்தும், கோயிற் சடங்கு என்னும் போர்வையில் நிகழ்ந்ததனை அவற்றால் தடுத்தல் அரிதாயிற்று.

1909-ஆம் ஆண்டிலேயே மைசூர் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட கோயில்களில் தேவதாசியர் பணியை நிறுத்தியது. அஃது அரசாணையால் ஆகியது. சென்னை மாகாணத்திலோ, மக்களுள் ஒருவர் முன்வந்து சட்டமியற்ற வேண்டிய நிலை இருந்தது.

3. மருத்துவமனையிலிருந்து மன்றத்திற்கு

முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டையிற் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். ஆடவர் பயிலும் மன்னர் கல்லூரியிற் சேர்ந்து பயின்ற அம்மையார், 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1912-இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையிற் பணிபுரிந்தார். மகப்பேற்றில் இறக்கும் இளந்தாயரையும், கல்வியின்றி வாடும் மகளிரையும் நாள்தோறும் கண்டு பழகிய மருத்துவர் அவர். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தோடும் தொடர்புகொண்டு தொண்டாற்றினார். உயர்பயிற்சியின் பொருட்டு 1925-இல் இங்கிலாந்து சென்று மீண்டார்.

அந்நாளில் அரசியலும் மகளிர்க்கு மெல்லக் கதவு திறந்தது. சென்னை மாகாணத்தில் 1921-இல் மகளிர்க்கு வாக்குரிமை கிடைத்தது. 1926-இல் சட்டமன்ற உறுப்பினராகும் உரிமையும் கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் சிறு வேறுபாட்டில் தோற்றார். மாதர் சங்கத்தார் முத்துலட்சுமி அம்மையார் பெயரைப் பரிந்துரைக்க, அரசு அவரை நியமன உறுப்பினராக்கியது. 1927-இல் அவர் மன்றத்தின் துணைத்தலைவராக ஒருமனதாய்த் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அவர் எக்கட்சியின் சார்பிலும் மன்றம் புகுந்தவர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வாக்காளர் தொகுதியோ, பின்னே நிற்கும் கட்சி உறுப்பினர் கூட்டமோ அவர்க்கு இல்லை. மருத்துவப் பணியிற் பெற்ற பட்டறிவும் மாதர் சங்கத்தின் துணையுமே அவர்தம் வலிமை. இந்நிலை அவர்க்கு ஒரு நன்மையையும் ஒரு தடையையும் தந்தது. கட்சிப் பகைக்கு ஆளாகாமல் எல்லாத் தரப்பினரிடத்தும் ஆதரவு தேடல் இயன்றது நன்மை. அவ்வாதரவு தளருமிடத்துத் தம்மினும் வலியார் துணை இல்லாது போனது தடை.

4. 1929-ஆம் ஆண்டுச் சட்டம்

1927 நவம்பரில் அம்மையார், கோயில்களில் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டமியற்றுமாறு அரசைக் கேட்கும் தீர்மானத்தை மன்றத்திற் கொணர்ந்தார். மன்றம் அதனை ஏற்றது. அதனைத் தொடர்ந்து அவர் கொணர்ந்த சட்ட முன்வரைவு, இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் வடிவில் அமைந்து 1929-இல் நிறைவேறியது.

இச்சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யவில்லை என்பதனைப் பலர் நோக்குவதில்லை. அது செய்தது வேறு. தேவதாசியர் துய்த்துவந்த இனாம் நிலங்களைக் கோயிற்பணி என்னும் கட்டினின்றும் விடுவித்தது. உரிய தீர்வையோடு அந்நிலங்களை அப்பெண்டிர்க்கே உரியனவாக்கியது. இதனால், மகளைப் பொட்டுக்கட்டாவிடினும் நிலம் நிலைக்கும் என்னும் நிலை பிறந்தது. தண்டிக்கும் சட்டத்திற்கு முன்னர் விடுவிக்கும் சட்டத்தை அவர் நாடினார். நோய் தோன்றிய இடத்தை முதலில் நாடும் மருத்துவரது முறை இதன்கண் விளங்குகின்றது.

அடுத்து, பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் முன்வரைவு ஒன்றை 1930-இல் அவர் கொணர்ந்தார். அது பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. அதற்குள், அவ்வாண்டு மே திங்களிற் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். நாட்டு விடுதலைக்காக அவர் எடுத்த முடிவு போற்றத்தக்கதே. ஆயினும், அவர் வெளியேறியபின் அம்முன்வரைவை எடுத்து நடத்துவார் மன்றத்துள் இலராயினர். சட்டம் தேங்கியது. ஒருவரது ஆற்றலை மட்டும் நம்பிய முயற்சி, அவர் நீங்கியவுடன் நின்றுபோம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

5. எதிர்ப்புக் குரல்கள்

இம்முயற்சியை எதிர்த்தவர் இரு திறத்தார். சத்தியமூர்த்தி முதலியோர், சமயமரபும் கலைமரபும் கெடும் என வாதிட்டனர். பொட்டுக்கட்டு ஒழிந்த பின்னும் நாட்டியமும் இசையும் அழிந்தில. எனவே கலை அழியும் என்ற அவர்தம் அச்சம் மெய்யாகவில்லை. எனினும் அக்கலையை வளர்த்த குடும்பத்து மகளிர் பலர் அரங்கினின்றும் மறைந்தனர் என்பதனையும் உடன் கூறல் வேண்டும்.

மற்றொரு திறத்தார் தேவதாசியரே. திருவையாற்றில் தியாகராசர்க்குக் கோயில் எடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைவாணியர், தங்களைப் பரத்தையரோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் தகாது என முறையிட்டனர். தம் குலத்தார்க்குக் கல்வியளித்து உயர்த்துவதே ஏற்ற வழி என்றும் கூறினர். இக்குரலைத் தன்னலக் குரல் என ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. அம்மரபில் மகளிர்க்குச் சொத்துரிமையும் மகவேற்கும் உரிமையும் இருந்தன. வழக்கம் ஒழிந்தபோது அவ்வுரிமைகளும் நழுவி, குடும்பத் தலைமை ஆடவர் கைக்குச் சென்றது என அண்மைக்கால ஆய்வாளர் சிலர் காட்டியுள்ளனர். பிறர் பொருட்டுச் சட்டம் இயற்றப் புகுவார், அப்பிறரது சொல்லையும் கேட்டல் கடன் என்பது இப்பகுதியால் தெளிவாகும்.

6. மன்றத்திற்கு வெளியே

இராமாமிர்தம் அம்மையார் தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்தை அடுத்த மூவலூரில் வளர்ந்தவர். இளமையிலேயே தாசியர் வாழ்க்கையைத் தம் கண்ணாற் கண்டவர். ஆங்கிலக் கல்வியோ பட்டமோ அவர்க்கு இல்லை. வீடு வீடாகச் சென்று, பொட்டுக்கட்டும் எண்ணம் கொண்ட தாயரோடு பேசியும், இசை வேளாளர் மாநாடுகளில் உரையாற்றியும் தம் பணியைத் தொடங்கினார். காங்கிரசு இயக்கத்திற் பணியாற்றிய அவர், பெரியார் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு நீங்கியபின் தன்மான இயக்கத்திற் சேர்ந்தார். தனியொருவராய்ச் செய்த தொண்டு, இதனால் ஓர் இயக்கத்தின் கொள்கையாக வளர்ந்தது.

அவர் எழுதிய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினம் 1936-இல் வெளிவந்தது. இலக்கிய நயம் நோக்குவார்க்கு அதன்கண் குறைகள் தென்படலாம். பரப்புரை மிகுந்த நூல் அது. ஆயினும், தாசியரை வெளியே நின்று இழித்துரைக்கும் பழைய விறலிவிடுதூது மரபினின்றும் இது வேறுபடுகின்றது. அவ்வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஒருவர், அதனினின்றும் மீளும் வழியையும் கதைப்போக்கில் வைத்து எழுதியமை தமிழ்ப் புதின வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது.

1938-இல் இந்தி எதிர்ப்பின்போது திருச்சிராப்பள்ளியினின்றும் சென்னைக்கு 42 நாள் நடந்து சென்ற தமிழர் படையில் அவரும் சென்றார்; அவ்வாண்டிற் சிறையும் புகுந்தார். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது அதன்கண் சேர்ந்தார். சட்டமன்ற உறுப்பினர் பதவியை அவர் ஒருநாளும் வகித்தாரல்லர். மன்றத்துள் பேசும் வாய்ப்பு அவர்க்கு இல்லை. ஆனால் மன்றத்தார் செவிசாய்த்தே தீரவேண்டிய பொதுமக்கள் கருத்தை ஊர்தோறும் உருவாக்கியோருள் அவர் முன்னிற்பவர்.

7. 1947-ஆம் ஆண்டுச் சட்டம்

பம்பாய் மாகாணம் 1934-இலேயே பொட்டுக்கட்டைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. சென்னையில் 1937-இல் அமைந்த காங்கிரசு அமைச்சரவைக் காலத்தும் அஃது இயலவில்லை. ஓமந்தூர் இராமசாமி அவர்கள் முதலமைச்சராய் இருந்தபோது, 1947-இல் தேவதாசியர் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று, பொட்டுக்கட்டப்பெற்ற பெண் முறையான திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்பதும் உறுதியாயிற்று. முதல் தீர்மானத்திற்கும் இச்சட்டத்திற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன.

இவ்விருபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் யாது? 1927-இல் இச்சட்டத்தைக் கேட்டவர் கற்றோர் சிலர். 1947-இல் தாசியர் குடும்பங்களிற் பிறந்த ஆடவரும் மகளிரும் பெருந்தொகையினராய் அதனை வேண்டினர். மாதர் சங்கங்கள் விடாது வற்புறுத்தின. தன்மான இயக்க மேடைகள் அதனைப் பொதுச்செய்தியாக்கின. எனவே, கட்சி பலம் உடைய அமைச்சரவை அதனை எளிதில் நிறைவேற்ற முடிந்தது.

சட்டமன்றத்தை விட்டு நீங்கிய முத்துலட்சுமி அம்மையார் சட்டத்திற்காகக் காத்திருந்தாரல்லர். இவ்வழக்கத்தினின்றும் தப்பி அடைக்கலம் தேடி வந்த சிறுமியர் தங்கிக் கற்றற்கு அவ்வை இல்லத்தை நிறுவினார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற புலவரின் பெயர் அவ்வில்லத்திற்கு அமைந்தது பொருத்தமே. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கச் செய்தார். சட்டத்தால் விடுதலை பெற்றார்க்குப் படிப்பும் உறையுளும் இல்லையேல் அவ்விடுதலை நிலையாது என்பதனை அவர் நன்கறிந்திருந்தார்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன பின்வருமாறு:

முதலாவது, இவ்விருவரும் பதவியை விரும்பி அரசியல் புகுந்தவர் அல்லர். ஒரு கொடுமை நிலவுரிமையிலும் சட்டத்திலும் வேர்கொண்டிருக்கும்போது, அதனை அறிவுரையாலும் உதவியாலும் அகற்ற இயலாமையே அவர்களை அரசியலுக்கு ஈர்த்தது.

இரண்டாவது, இயக்கத்தின் வலிமையைப் பின்னே கொள்ளாத பதவி 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தந்தது, 1930-இல் நின்றுவிட்டது. பதவி பெறாத இயக்கம் மக்கள் மனத்தை மாற்றியது; சட்டமியற்ற அதனால் ஆகவில்லை. இரண்டும் ஒன்றுபட்ட பின்னரே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஆகவே இவ்வெற்றியை ஒருவர்க்கே உரியதாக்கி எழுதும் வரலாறு முழுமையுடையதாகாது.

மூன்றாவது, இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கப்பெற்ற திருமண உதவித் திட்டம், 2022-இல் அரசுப் பள்ளிகளிற் பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பெற்றது. தம் குலமகளிர்க்குக் கல்வி வேண்டும் என்பது, பொட்டுக்கட்டை எதிர்த்தாரும் அச்சட்டத்தை மறுத்த நாகரத்தினம்மாள் போன்றாரும் ஒருங்கே கூறிய சொல்லாகும். அன்றைய மன்றப் பூசலில் இவ்வொற்றுமை புலப்படவில்லை. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும், அக்காலத் தேவதாசியர் விண்ணப்பங்களையும், மாதர் சங்க ஏடுகளையும், தன்மான இயக்க இதழ்களையும் ஒருசேர வைத்து ஆராய்வார்க்கு அது விளங்கும். அத்தகைய ஆராய்ச்சி தமிழில் இன்னும் விரிவாக நிகழ்தல் வேண்டும்.