27 மணித்தியாலங்கள்: ஒரு கணக்குத் திருத்தம்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் சில மாதங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. நுவரெலியாக் குதிரைப் பந்தயச் செய்திகளைத் தமிழில் எழுதுவதும் அதில் அடக்கம். அங்கிருந்த மூத்தவர் ஒருவர் எனக்கு ஒரு பாடம் சொன்னார்: "ஓடி முடித்த நேரத்தை மட்டும் வைத்து இரண்டு குதிரைகளை ஒப்பிடாதீர் தம்பி." ஒன்று தொடக்கத்திலேயே முந்தியோடிக் கடைசியில் களைக்கும், இன்னொன்று பின்னே வந்து முடிவில் பாயும். தூரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓடிய வேகத்தைக் கணித்து, அன்றைய தரையின் ஈரத்தையும் கருத்திற்கொண்ட பின்னரே எது சிறந்தது என்று சொல்லலாம் என்பது அவர் வாதம்.

அந்தப் பாடத்தைக் கடலுக்குப் பொருத்திப் பார்க்கத் தூண்டியது தொண்டைமானாறு.

வடமராட்சியின் இச்சிற்றூரைச் செல்வச் சந்நிதி முருகனாலும், கடலோடு கலக்கும் நீரேரியாலும் பலர் அறிவர். அவ்வூரவரான மு. நவரத்தினசாமியை அறிந்தோர் குறைவு. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, பாக்கு நீரிணையை நீந்தி, 27 மணித்தியாலங்களில் கோடிக்கரையை அடைந்தவர் அவர். அந்நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதராக ஈழத்தமிழர் போற்றுவது அவரையே. எங்கள் பாய்க்கப்பல்கள் தலைமுறைகளாகக் கடந்த நீர்ப்பரப்பை அவர் தம் கைகளால் கடந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1966 ஏப்ரலில், வங்காளத்து வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். இந்தியாவில் வெளியான குறிப்புகள் சில, பாக்கு நீரிணையின் முதல் வீரர் என்று இவரைக் குறிப்பிடுகின்றன. முதன்மையைக் காலமே தீர்த்துவிடுகிறது: 1954 முந்தியது. ஆயினும் இரண்டு எண்களையும் அருகருகே வைக்கும் வாசகர், சென்னே விரைவானவர் என்றல்லவா எண்ணுவார்?

இங்கேதான் மூத்தவரின் பாடம் உதவுகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர். வல்வெட்டித்துறைக்கும் கோடிக்கரைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால் நவரத்தினசாமியின் சராசரி வேகம் மணிக்கு 2.2 கிலோமீற்றர், சென்னுடையது 1.2. பெயர் ஒன்றாயினும் களம் இரண்டு.

இவ்வளவில் நின்றுவிட்டால் சென்னுக்கு நாம் அநீதி செய்தவராவோம். இராமர் அணை மணல்திட்டுகளை ஒட்டிய நீர்ப்பாதை, வடக்கே திறந்து கிடக்கும் நீரிணையைப் போன்றதன்று; நீரோட்டம் அங்கே நீச்சல்காரரை எளிதில் திசைமாற்றிவிடும். பந்தயத் திடலின் ஈரத்தைப் போன்றதே கடலின் ஓட்டமும். அதே பாதையை 2004இல் புலா சௌத்ரி ஏறத்தாழ 14 மணித்தியாலங்களில் கடந்தார்.

ஓட்டத்தின் சார்பு ஓரளவேனும் சமனாவது இருவழி நீச்சலில்தான். போகையில் தள்ளிய நீர் வருகையில் தடுக்கக்கூடும். வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீண்டது 51 மணித்தியாலங்களில். சுமார் 60 கிலோமீற்றர், மணிக்கு 1.2. பாதை வேறாயினும் தூரத்தால் நவரத்தினசாமியின் நீச்சலுக்கு இது நிகரானது. ஐம்பது ஆண்டுகள் நின்ற அச்சாதனையை 2021 ஏப்ரலில் றொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலங்கள் 19 நிமிடங்களில் முறியடித்தார். அவர் வேகம் மணிக்கு 2.1. ஆனந்தனோ 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார்.

சராசரி வேகம் எதையெல்லாம் மறைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் மணியின் உற்சாகமும் இருபதாம் மணியின் சோர்வும் அதில் ஒரே எண்ணாகக் கரைந்துவிடுகின்றன. பின்னே வரும் குதிரைக்கு முன்னே ஓடுவது வழிகாட்டுகிறது. அதுபோல், பிற்காலத்தவர் எத்தனை மணித்தியாலங்களுக்குத் தம் வலுவைப் பங்கிட வேண்டும் என்பதை முன்னவர் எண்களைப் பார்த்துத் திட்டமிட முடிந்தது. 1954இல் நவரத்தினசாமிக்கு முன்னே எவரும் இல்லை. இரவு எப்போது முடியும், கோடிக்கரை எப்போது தெரியும் என்பதை அவரே நீந்தித்தான் அறிய வேண்டியிருந்தது.

ஆகவே, பாக்கு நீரிணை பற்றி எழுதும் இளம் பத்திரிகையாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மணித்தியாலத்தைக் குறிக்கும்போது புறப்பட்ட கரையையும் சேர்ந்த கரையையும் கூடவே குறியுங்கள். அந்த இரண்டு ஊர்ப்பெயர்கள் விடுபட்டால், தொண்டைமானாற்றான் ஒருவர் நீந்திய 30 கிலோமீற்றர் வரலாற்றிலிருந்து காணாமற்போய்விடும்.