பத்து இன்றியமையாப் பொருள்கள்

பத்து இன்றியமையாப் பொருள்கள் என்பது காட்டுக்கும் மலைக்கும் நடைப்பயணம் செல்வோர் கட்டாயம் உடன் கொண்டுசெல்ல வேண்டியவை இவை என்று அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ‘தி மவுண்டனியர்ஸ்’ என்னும் மலையேற்றக் கழகம் வகுத்த பட்டியலாகும். விபத்து நேர்ந்தால் சமாளிக்க முடியுமா, எதிர்பாராமல் ஓர் இரவு வெளியில் தங்க நேர்ந்தால் பிழைக்க முடியுமா என்ற இரு கேள்விகளே இதன் அடிப்படை. காட்டுநடைப் பாதுகாப்பு பற்றிய வழிகாட்டுதல்களில் இதைவிட எளிமையும் பயனும் மிக்கது வேறில்லை.

தோற்றம்

கழகம் 1906இல் தொடங்கப்பட்டது. சியாட்டிலுக்குக் கிழக்கே காஸ்கேடு மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீள்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் எரிமலை. பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று இத்தொடரில் மோதுவதால் மழையும் பனியும் மிகுதி. ரெய்னியரின் தென்சரிவில் உள்ள பாரடைஸ் என்னுமிடத்தில் 1971–72 பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 28.5 மீட்டர் பனி பொழிந்தது. கோடையிலும் காலையில் தெளிந்திருந்த வானம் மாலைக்குள் மாறிவிடும். இத்தகைய மலைகளில் பழகியவர்களிடமிருந்தே இப்பட்டியல் பிறந்தது.

1930களில் கழகத்தின் இளைஞர்கள் கயிறும் பனிக்கோடரியும் கொண்டு கடினமான முகடுகளில் ஏற விரும்பினர். ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்து சியாட்டிலில் வளர்ந்த வுல்ஃப் பவர் (1912–2016), ஆல்ப்ஸ் மலையேறிகளின் உத்திகளைக் கற்று, 1935 வாக்கில் கழகத்தின் முதல் மலையேற்ற வகுப்பை நடத்தினார். 1935இல் மலையேறி ஜேக் ஹோசக்குடன் ரெய்னியரின் டார்மிகன் முகட்டில் முதன்முதலாக ஏறினார். கழக உறுப்பினர்களான லாய்டு, மேரி ஆண்டர்சன் தம்பதியர் நல்ல பனிக்கோடரிகளை ஐரோப்பாவிலிருந்து வரவழைக்க வழிசெய்து, 1938இல் ஆர்.இ.ஐ. என்னும் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினர். 1948இல் பவரும் ஓம் டெய்பரும் ஒட்டோ டிராட்டும் மலை மீட்புக் குழுவை அமைத்தனர். வகுப்பு, கருவி, மீட்பு ஆகிய மூன்றும் ஒரே வட்டத்தினரிடம் வளர்ந்ததால் பட்டியல் நடைமுறை அறிவில் ஊன்றி நின்றது.

கழகத்தின் பாடநூலான ‘மவுண்டனியரிங்: தி ஃப்ரீடம் ஆஃப் தி ஹில்ஸ்’ 1960இல் வெளிவந்தது. வகுப்புகளில் வாய்மொழியாக வழங்கிய பட்டியல் அந்நூலின் 1974ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் அச்சேறியது.

வகைப்பாடு

பழைய பட்டியல் பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணியது: நிலவரைபடம், திசைகாட்டி, வெயிற்கண்ணாடியும் வெயில் பூச்சும், கூடுதல் உடை, டார்ச் விளக்கு, முதலுதவிப் பெட்டி, தீமூட்டி, தீப்பெட்டி, கத்தி, கூடுதல் உணவு. தண்ணீரும் ஒதுங்கிடமும் இதில் தனியிடம் பெறவில்லை.

2003இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு பொருளுக்குப் பதிலாகத் தேவையை அலகாகக் கொண்டது. வழியறிதல், வெயில் காப்பு, குளிர் காப்பு, வெளிச்சம், முதலுதவி, நெருப்பு, பழுதுநீக்கும் கருவிகள், உணவு, நீர், அவசர ஒதுங்கிடம் என்பவை அந்தப் பத்து. வரைபடமும் திசைகாட்டியும் ஒரே தலைப்பில் அடங்கின. தீமூட்டியும் தீப்பெட்டியும் அவ்வாறே. அவ்விடங்களில் நீரும் ஒதுங்கிடமும் சேர்ந்தன. செல்லும் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப எதை எடுப்பது என்பதைப் பயணியே முடிவு செய்ய இம்முறை இடம் தருவதால் இதுவே சிறந்த பகுப்பு.

திறன்கள்

பயன்படுத்தத் தெரியாத பொருள் முதுகுக்குச் சுமை மட்டுமே. திசைகாட்டியின் முள் காந்த வடக்கைக் காட்டும். வரைபடமோ உண்மை வடக்கைக் கொண்டு வரையப்பட்டது. சியாட்டில் பகுதியில் இவ்விரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 15 பாகை வேறுபாடு உண்டு. இதைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தவர் குறித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 260 மீட்டர் விலகியிருப்பார். சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு என்று படிக்கவும் பழக வேண்டும்.

உடல்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்ப நிலை. இதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. நனைந்த உடையும் காற்றும் போதும். நனைந்த பருத்தி உடலைக் கதகதப்பாக வைக்காது. கம்பளியும் செயற்கை இழையும் ஈரத்திலும் ஓரளவு காக்கும். ஈர விறகில் தீமூட்டுவதையும் காயத்துக்குக் கட்டுப் போடுவதையும் வீட்டிலேயே பயின்றுகொள்வது நல்லது. எந்த வழியில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிச் செல்வதும், குறித்த நேரம் வந்ததும் சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுவதும் எல்லாத் திறன்களிலும் தலையாயவை.

மாலைக்குள் திரும்பிவிடும் குறுநடைக்குப் பத்தும் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். கூடாரத்துடன் செல்பவர் இரவுக்கு ஆயத்தமாகவே போகிறார். கணுக்கால் சுளுக்கி இருட்டில் மாட்டிக்கொள்ளும் பகல்நேரப் பயணிக்கே இப்பட்டியல் மிகவும் தேவைப்படுகிறது.

இன்றைய நிலை

நூலின் பத்தாம் பதிப்பு 2024இல் வெளிவந்தது. கைப்பேசி வரைபடமும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்திக் கருவிகளும் இப்போது பரவலாகப் பயன்படுகின்றன. மின்கலம் தீரக்கூடியதால் தாள் வரைபடமும் திசைகாட்டியும் இன்றும் தவிர்க்க முடியாதவை.