தலைசுற்றல் மாத்திரை: ஒரு 160 வருடக் கதை



பி.காம் படிக்கிற பையனுக்கு மாத்திரை மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு வருடம் முன்னால் திடீரென்று தலைசுற்றல் வந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் வீடே சுழலுகிறது என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் பார்த்துவிட்டு உள்காதில் கோளாறு என்றார். ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சரியாகிவிட்டது. ஆனால் அப்பத்தாவுக்குப் பயம் போகவில்லை. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி சுற்றும் என்று தினமும் போட ஆரம்பித்தார். பழைய அட்டையை எடுத்துப்போய்க் காட்டி, மெடிக்கலில் வாங்கி வந்து கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். ஐந்து நாள் மாத்திரை ஒரு வருடத்தைத் தாண்டியது. அதன்பிறகு அவர் கை நடுங்கத் தொடங்கியது. நடையும் தளர்ந்தது. வயசாகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், எனக்கு ஒரு பெரிய சரித்திரமே கிடைத்தது. அதுதான் இந்தப் பதிவு.

மூளையா, காதா?

19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் தலைசுற்றல் என்றாலே மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்கள். அதனால் வைத்தியமும் அதற்கேற்ற மாதிரிதான்: நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பது, அட்டைப்பூச்சி விடுவது, பேதிக்குக் கொடுப்பது. ஏற்கெனவே வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடப்பவரின் ரத்தத்தையும் எடுத்தால் அவர் கதி என்னவாகும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதை மாற்றியவர் ப்ராஸ்பர் மெனியர் என்ற பிரெஞ்சு டாக்டர். பாரிசில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்தார். தலைசுற்றலோடு காதில் இரைச்சலும், கேட்கும் திறன் குறைவதும் சேர்ந்தே வருவதைக் கவனித்தார். அவருக்கு முன்பே, 1820-களில், ஃப்ளூரான்ஸ் என்ற விஞ்ஞானி புறாவின் உள்காதிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டினால் அது தலையைச் சுழற்றித் தடுமாறுகிறது என்று காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த மெனியர், 1861 ஜனவரியில் பாரிஸ் மருத்துவ அகாதமியில் தன் கட்டுரையைப் படித்தார். இந்த நோய் மூளையில் இல்லை, உள்காதில் இருக்கிறது என்றார். அப்போது பெரிய வரவேற்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே, 1862-ல், அவர் இறந்துவிட்டார். இன்று அந்த நோய்க்கு மெனியர் நோய் என்று அவர் பெயர்தான்.

இந்த நோயில் உள்காதில் என்ன நடக்கிறது என்பது தெரிய மேலும் 77 வருடம் ஆயிற்று. 1938-ல் லண்டனில் ஹால்பைக், கெய்ர்ன்ஸ் என்ற இருவரும், அதே வருடம் ஜப்பானில் யமகாவா என்பவரும், இறந்த நோயாளிகளின் காது எலும்பைச் சோதித்து, உள்காதுத் திரவம் அளவுக்கு மீறிச் சேர்ந்து அறைகள் வீங்கியிருப்பதைக் கண்டார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லும் பழக்கமும் 1930-களில்தான் பரவியது. உப்பு குறைந்தால் உடம்பில் நீர் சேர்வது குறையும் என்பது கணக்கு.

தற்செயலாகக் கிடைத்த மாத்திரை

இப்போது மாத்திரைக்கு வருவோம். 1947-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்கு ஒரு புது ஒவ்வாமை மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாப்பிட்ட ஒரு பெண்மணிக்கு வழக்கமாக டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டலும் கிறுகிறுப்பும் வருமாம். மாத்திரை போட்ட நாளில் அது வரவில்லை! டாக்டர்கள் கேய், கார்லினர் இருவரும் உஷாரானார்கள். 1948-ல் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குச் சிப்பாய்களை ஏற்றிப்போன கப்பலில் சோதனை நடத்தினார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை. மருந்து ஜெயித்தது. டைமென்ஹைட்ரினேட் என்ற அந்த மருந்து டிராமமைன் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. ஆனால் தூக்கம் வரும். இன்றும் அப்படித்தான்.

1950-களில் இன்னும் இரண்டு மருந்துகள் வந்தன: புரோகுளோர்பெரசின், சின்னரிசின். இரண்டுமே இன்றும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை. இவை காதிலுள்ள நோயைக் குணப்படுத்துவதில்லை. சுற்றல் உணர்வையும் வாந்தியையும் அடக்குகின்றன, அவ்வளவுதான். புரோகுளோர்பெரசின் மனநோய்க்குத் தரும் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. மூளையில் டோபமின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கும். பார்க்கின்சன் நோயில் குறைவதும் இதே டோபமின்தான். அதனால் நாள்கணக்கில் முடிய வேண்டியதை மாதக்கணக்கில் சாப்பிட்டால், முக்கியமாக வயதானவர்களுக்கு, கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். சின்னரிசினிலும் இந்த ஆபத்து உண்டு என்பது 1980-களில் வெளிவந்த மருத்துவ அறிக்கைகளில் தெரிந்தது.

பீட்டாஹிஸ்டின்: ஒரு தணிக்கைக் கதை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதில் ஆடிட்டிங் வருகிறது! 1940-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்ட்டன் என்பவர் மெனியர் நோயாளிகளுக்கு ஹிஸ்டமினை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார். அதையே வாய்வழி மாத்திரையாக்கலாம் என்ற யோசனையில் பிறந்ததுதான் பீட்டாஹிஸ்டின். 1960-களில் அமெரிக்க அரசின் மருந்துத்துறை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. பிறகு ஆதாரமாகக் காட்டிய ஆய்வு போதாது என்று சொல்லி ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயும் பயனில்லை. அதே காலத்தில் ஐரோப்பாவில் இது விற்பனைக்கு வந்து, இந்தியா உட்படப் பல நாடுகளில் தலைசுற்றலுக்கு வழக்கமாக எழுதும் மாத்திரையாகிவிட்டது.

ஒரே மருந்து, ஒரு கரையில் வவுச்சர் இல்லை என்று தள்ளுபடி, மறு கரையில் கோடிக்கணக்கில் விற்பனை! கடைசியில் ஜெர்மனியில் 14 மையங்களில் 221 மெனியர் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஒன்பது மாதம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குறைந்த அளவு, ஒரு பிரிவுக்கு அதிக அளவு, ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 2016-ல் முடிவு வெளிவந்தது. மூன்று பிரிவிலும் தலைசுற்றல் குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே மாதிரி! இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது. இறங்கும் நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும்.

அதற்காக, உங்கள் டாக்டர் எழுதிய பீட்டாஹிஸ்டினை நாளைக்கே குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தலைசுற்றலில் பல வகை உண்டு, யாருக்கு எது என்பது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. "இது எனக்கு எதற்கு, எத்தனை நாளைக்கு?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்று மட்டும்தான் சொல்கிறேன்.

மூளை தானாகக் கற்றுக்கொள்ளும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் கேதார்ன், குக்ஸி என்ற இருவர், தலையில் அடிபட்டுத் தடுமாறிய சிப்பாய்களைப் படுக்கையில் வைத்திருக்காமல், கண்ணையும் தலையையும் அசைத்து, நடந்து, பந்து பிடித்துப் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு காது பழுதானாலும் மூளை மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொள்ளும். சுற்றலை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் இந்தப் பழக்கம் தாமதமாகும் என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. அதனால்தான் அந்த மாத்திரைகளை ஒரு சில நாளைக்கு மட்டும் எழுதுகிறார்கள். எங்கள் டாக்டர் ஐந்து நாள் என்று எழுதியதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிந்தது.

நான் கற்றுக்கொண்டவை

1. சீட்டில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள்தான். பழைய அட்டையைக் காட்டி வாங்கக் கூடாது.

2. ஆஸ்துமா, வயிற்றுப்புண், பார்க்கின்சன், கண் அழுத்த நோய், கர்ப்பம் எது இருந்தாலும், சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

3. தூக்கம் வரும் மாத்திரை போட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. மது கூடவே கூடாது.

4. நெடுநாள் சாப்பிட்டுவிட்டால் நாமே திடீரென்று நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும்.

5. தலைசுற்றலோடு வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை இருந்தால் அது காது விஷயம் இல்லாமல் பக்கவாதமாக இருக்கலாம். மாத்திரை தேடாமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சரி, அப்பத்தா கதை. நரம்பு டாக்டர் ஒருவர், வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். பையைக் கொட்டிப் பார்த்ததுமே அந்த அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். "இதை யார் தொடர்ந்து சாப்பிடச் சொன்னது?" என்று கேட்டார். அப்பத்தா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நானாத்தான் சாப்பிட்டேன் தம்பி" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

மாத்திரை நின்று சில மாதத்தில் நடுக்கம் பெரும்பாலும் குறைந்துவிட்டது. எல்லாருக்கும் இப்படித் திரும்பக் கிடைப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். இப்போது அப்பத்தா காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையசைக்கும் பயிற்சி செய்கிறார். காபி டம்ளரையும் சிந்தாமல் பிடிக்கிறார்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். எது எப்போது எழுதியது, எத்தனை நாளைக்கு எழுதியது என்று சீட்டோடு ஒத்துப்பாருங்கள். எங்கள் வகுப்பில் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லித் தருகிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். பத்து நிமிடம்கூட ஆகாது.