செவி ஏன் 'ச' வரிசையில் இல்லை?

ஆபீஸில் பக்கத்து சீட் கன்னட நண்பனிடம் ஒருநாள் வழக்கமான சண்டை. "எங்க மொழிதான்டா அம்மா, உங்களுது பொண்ணு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தன் காதைத் தொட்டு, "கிவி" என்றான். நம்ம 'செவி'தான் அங்கே போய்த் தேய்ந்துபோச்சு என்று நிரூபித்துவிடும் வேகத்தில் திராவிட வேர்ச்சொல் அகராதியைத் திறந்தேன்.

தாமஸ் பர்ரோவும் முர்ரே எமனோவும் தொகுத்தது. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. இருவருமே சமஸ்கிருதப் பேராசிரியர்கள். பர்ரோ ஆக்ஸ்போர்டில், எமனோ பெர்க்லியில். எமனோ வெறும் நூலக ஆள் இல்லை. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் பேச்சைக் காதால் கேட்டு எழுதியவர். பிராகுயி வரை, இனச்சொற்கள் 5557 எண்களில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்கள் சொல்லுக்குப் பதில் எண்ணைச் சொன்னாலே போதும். எங்கள் பாஷையில் பிரைமரி கீ. புதிய பதிப்பில் எண்கள் மாறியபோது, பதிவின் கடைசியில் பழைய எண்ணையும் போட்டுவைத்தார்கள். பழசை நம்பி எழுதியவன் தெருவில் நிற்கக்கூடாது என்ற அக்கறை. நாங்கள் பல சமயம் அதைக்கூடச் செய்வதில்லை.

பதிவுகள் தமிழ் அகரவரிசையில் வருகின்றன. சொல் தமிழில் இருந்தால் தமிழ்தான் முதலில் நிற்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'ச' பகுதிக்குப் போய் செவியைத் தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். இல்லவே இல்லை. கடைசியில் கிடைத்த இடம் 'க' பகுதி. எண் 1977.

தமிழில் செவி, கன்னடத்தில் கிவி, கோத்த மொழியில் கெவ். மூல மொழியில் இருந்தது ககரம். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் தமிழ் அதைச் சகரமாக்கிவிட்டது. கன்னடமும் கோத்தமும் பழைய ஒலியை அப்படியே வைத்திருக்கின்றன. தேய்ந்தது நாம்தான். இந்த அகராதி மூலவடிவம் எதையும் தலைப்பாகக் கொடுப்பதில்லை. ஆனால் எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்பதிலேயே தீர்ப்பு இருக்கிறது.

ஒரு நிமிடம் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சுமந்து வந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதுபோல. பிறகு பக்கத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தேன். தமிழுக்கு இலக்கியம் பழசு, எழுத்து பழசு. அந்தப் பெருமையை யாரும் தொடவில்லை. ஆனால் எழுத்தே இல்லாமல் மலையில் பேசப்பட்ட ஒரு சின்ன மொழி, நாம் தொலைத்த ஒலியைத் தலைமுறை தலைமுறையாக வாயிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. அம்மா என்று சொல்லிக்கொண்ட நாம் அதன் அக்கா, அவ்வளவுதான். அந்தத் தங்கை பேசுவதை நிறுத்திவிட்டால், நம் சொல்லின் பழைய முகத்துக்குச் சாட்சி குறைந்துபோகும்.

மறுநாள் நண்பனிடம் 1977 என்று மட்டும் எழுதிக் காட்டினேன். "என்னது, உங்க அப்பா பொறந்த வருஷமா?" என்றான்.

"இல்லடா. உன் காது" என்றேன்.