சிகாகோவில் புள்ளி வைத்தவர்கள்

சிறுவர் குற்றம் பற்றிப் படிக்கப்போய் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இருவரிடம் மாட்டிக்கொண்டேன். சிகாகோ சிறுவர் நீதிமன்றத்துக்கு வந்த பையன்களின் வீட்டு முகவரிகளை வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தவர்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய ஏழைப் பேட்டைகளில்தான் புள்ளிகள் குவிந்தன. ஆச்சரியம் என்னன்னா, ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் போய் போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்த பிறகும் அதே இடத்தில்தான் குவியல். அப்போ கோளாறு ரத்தத்துல இல்ல, தெருவுல! குடியேறிகளின் இனத்தையே குறைசொன்ன காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

1930-களில் ஷா, எஃகு ஆலையை ஒட்டி போலந்துக்காரர்கள் வாழ்ந்த ரஸ்ஸல் ஸ்கொயரில் இறங்கினார். கமிட்டி அந்தப் பேட்டைக்காரர்களுடையது. தேவாலயமும் சேர்ந்துகொண்டது. தெருமுனையில் பையன்களோடு நின்று பேச, அங்கேயே வளர்ந்தவர்களையும் வேலைக்கு வைத்தார். படித்த சமூகப் பணியாளர்கள் முகம் சுளித்தார்கள் (சுளிக்காமல் இருப்பார்களா?). சீர்திருத்தப் பள்ளியிலிருந்து திரும்பிய பையனையும் ஊரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஷாவின் பிடிவாதம்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். தெருதான் காரணம் என்றவர், அந்தத் தெருவை அப்படி வைத்திருந்த ஆலைகளோடு மோதவில்லை. அவரிடம் வேலை பார்த்த சால் அலின்ஸ்கி விலகிப் போனார். 1939-ல் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் மக்கள் கவுன்சில் அமைத்து, கூலிப் போராட்டத்தில் தொழிற்சங்கத்தோடு நின்றார்.