கட்டிலும் பலகையும்: கொல்லிமலையில் முதுகெலும்புக் காயமும் அதைச் சுமந்த முறைகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதை அமைவதற்கு முன்னும் பின்னும், முதுகில் அடிபட்டவரை எதில் கிடத்தி எப்படி இறக்குவது என்பதே முதற்கவலையாக இருந்து வந்துள்ளது. முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண். அதன் நடுத்துளையில் ஓடும் தண்டுவடமே மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கடத்தும் நரம்புக் கற்றை. முறிந்த முள்ளெலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கினால், காயம் கழுத்தில் இருக்கையில் கைகால் நான்கும், அதற்குக் கீழே இருக்கையில் கால்களும் செயலிழக்கக்கூடும். சிறுநீர், மலம் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடும் போய்விடலாம்.

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வேளாண்மையில் மரமேறுதல் தவிர்க்க முடியாதது. நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடியிலிருந்து சரம் பறிக்க மூங்கில் ஏணி சார்த்தி ஏறுகிறார்கள். பலாக்காய் இறக்கவும் தேனெடுக்கவும் உயரத்திற்குத்தான் போகவேண்டும். விழுந்தவரைச் சுமக்க மலைகளில் வழங்கிய வழிகள் இரண்டு. ஒன்று, மூங்கில் கழியில் போர்வையையோ வேட்டியையோ தூளிபோல் முடிந்து இருவர் தோளில் தாங்கும் டோலி. மற்றொன்று, நால்வர் தூக்கும் கயிற்றுக் கட்டில். டோலி ஒற்றையடிப் பாதைக்கு ஏற்றது, காய்ச்சல்காரருக்கும் பிரசவ வலி கண்டவருக்கும் போதுமானது. ஆனால் அதில் கிடப்பவரின் முதுகு வில்லாக வளைவதால், முள்ளெலும்பு முறிந்தவருக்கு அதைவிடக் கெடுதலான ஊர்தியைக் கற்பனை செய்வது கடினம். கட்டில், கயிறு தொய்ந்திருந்தாலும், உடலைப் பெரும்பாலும் நேராக வைத்தது.

கட்டிற் பயணத்தின் பதிவு ஒன்று, கொல்லிமலையில் மருத்துவமும் சமயப்பணியும் செய்த ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் தம்பதியரின் குடும்பத்திலிருந்தே கிடைக்கிறது. 1929-இல் கணவர் இறந்த பின்னும், பணி ஓய்வுக்குப் பின்னும் மலைகளை விட்டு நீங்காத ஈவ்லின், 75-ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்து இரவு முழுதும் தரையில் கிடந்தார். காலையில் வேலையாள் ஒருவர் கண்ட பிறகு, நான்கு பேர் அவரைக் கயிற்றுக் கட்டிலில் சமவெளிக்கு இறக்கி ஜீப்பில் ஏற்ற, குண்டுங்குழியுமான சாலையில் 150 மைல் பயணம் தொடர்ந்ததாக அவர் மகன் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே மலைப்பாதையில் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்து, முழங்காலுக்குக் கீழே ஓரளவு செயலிழப்பும் ஈவ்லினுக்கு ஏற்பட்டிருந்தது. எனினும் இரு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மலைக்கே திரும்பினார். 1974-இல் 95-ஆம் வயதில் மறையும்வரை அவர் நாட்டமெல்லாம் மலைமக்கள் மீதே இருந்தது.

1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அந்த மகன், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்தார். 1954 சனவரியில் கார் விபத்தொன்றில் தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யலாம் என ஊக்குவித்தவரும் அவரே. மேரி வர்கீஸின் முயற்சியால் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. ஆகவே தமிழ்நாட்டில் தண்டுவடக் காயத்தின் பிந்தைய வாழ்வுக்கான ஏற்பாடு, விபத்திடத்தில் தூக்கும் முறையைச் சீர்செய்யும் முயற்சிக்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிட்டது. வரிசை தலைகீழானது என்றே சொல்லவேண்டும்.

தூக்கும் முறைக்கான இலக்கணம் அமெரிக்காவில் உருவானது. 1960-களின் பிற்பகுதியில் ஃபாரிங்டன் என்ற அறுவை மருத்துவர், நொறுங்கிய காரிலிருந்து ஆளை வெளியே எடுக்க நீண்ட பலகையையும் கழுத்துப்பட்டையையும் பரிந்துரைத்தார். வெளியே எடுக்க உதவிய பலகை, நாளடைவில் மருத்துவமனை வரை நோயாளியை வாரிட்டுக் கட்டிவைக்கும் படுக்கையாகவே மாறிப்போனது. இம்மாற்றத்துக்கு வலுவான சான்று எதுவும் இருக்கவில்லை என்பது பின்னரே பேசப்பட்டது. கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு எவ்வகை அசைவுத்தடையும் இன்றி வந்து சேர்ந்த 120 பேரையும், நியூ மெக்சிகோவில் பலகையில் கட்டி வந்த 334 பேரையும் ஒப்பிட்ட 1998-ஆம் ஆண்டு ஆய்வில், நரம்புக்குறை மலாயாக் குழுவிலேயே குறைவாகக் காணப்பட்டது. இரு நாட்டு விபத்துகளும் ஒரே தன்மையின அல்ல என்பதால் அம்முடிவை அப்படியே ஏற்க இயலாது. ஆயினும் கடும்பலகை உணர்விழந்த தோலை அழுத்திப் படுக்கைப்புண் உண்டாக்குவதும், மூச்சை நெருக்குவதும் மறுக்க முடியாதவை. 2013-இல் அமெரிக்க அவசர மருத்துவர் அமைப்புகளே பலகையை அளவோடு பயன்படுத்துமாறு அறிவுறுத்தின.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் தொடங்கியது. கொல்லிமலையிலும் ஆம்புலன்ஸ் சாலை வரைதான் வரமுடியும். மிளகுத் தோட்டத்திலிருந்து சாலை வரை தூக்குபவர்கள் இன்றும் அக்கம்பக்கத்தாரே. அவர்களுக்குப் பயன்படக்கூடியது உருட்டுமுறை: ஒருவர் தலையை இருபுறமும் பற்றி எண்ணிக்கை சொல்ல, மற்ற மூவர் தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைப் பிடித்து, உடல் முறுகாதபடி மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் ஒரே வீச்சில் பக்கவாட்டில் திருப்பி, அடியில் பலகையையோ கட்டிலையோ செருகி மீண்டும் மல்லாத்துவது. இதற்கும் நால்வர் வேண்டும், கட்டில் சுமக்கவும் நால்வரே வேண்டும் என்பது மலைக்கு வசதியான பொருத்தம். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் அது சாலை விபத்துக்கானது, ஏணியிலிருந்து விழுபவர் அதன் வரம்புக்குள் வருவதில்லை.